ரெண்டு நாள் என் ஜுரம்

ஜுரத்துக்குச் சொந்தம் கொண்டாடிய ஒரே ஆளை நான் மைசூரில்தான் பார்த்தேன். ஊசியைப் போட்டுவிட்டு, பஞ்சைக் குழந்தையின் தொடையில் அழுத்திக்கொண்டே தாயின் முகத்தைப் பார்த்துச் சொல்வார். "ரெண்டு நாள் என் ஜுரம். வந்தாலும் வரும், வராமலும் போகும், ரெண்டும் சரிதான். மூணாவது நாளும் இருந்தா அது என் ஜுரம் இல்ல. தூக்கிட்டு ஓடி வந்துடணும்." முதல் தடவை கேட்டபோது எனக்குத் திக்கென்றது. ஊசி போடுகிறவர்கள் ஒண்ணும் ஆகாது என்றுதான் சொல்வார்கள் என்று நினைத்திருந்தேன். இந்த அம்மாள் என்னடாவென்றால் ஜுரத்தைத் தன் வீட்டுப் பிள்ளை மாதிரி இரண்டு நாள் தங்கிவிட்டு வா என்று நம் வீட்டுக்கு அனுப்புகிறார்.

அவர் பெயர் எனக்குத் தெரியும். இங்கே எழுதப்போவதில்லை. ஏற்கெனவே ஒரு தடவை என்னால் அவர் பெயர் ஒரு காகிதத்தில் ஏறிவிட்டது, அது போதும். மண்டி மொஹல்லாவில் எங்கள் சந்து முழுக்க அவரை சிஸ்டர் என்றுதான் கூப்பிட்டோம். பூர்வீகம் கோலார் பக்கம். தமிழ் பேசுவார், கோபம் வந்தால் கன்னடம் பேசுவார், ரொம்பக் கோபம் வந்தால் இரண்டையும் சேர்த்துப் பேசுவார். நெடுநெடுவென்று உயரம். தோளில் தடுப்பூசி மருந்து வைத்த நீல நிற ஐஸ் பெட்டி தொங்கும். அந்தத் தோள் மட்டும் ஒரு பக்கமாக இறங்கியிருக்கும்.

நான் ஹனூர் பக்கம் தமிழ் பேசுகிற ஒரு கிராமத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். தொண்ணூறுகளின் பின்பாதி அது. கணவருக்கு ஹெப்பாளில் ஒரு தொழிற்சாலையில் வேலை. இரண்டு அறை வாடகை வீட்டில் எங்களோடு கணவரின் அக்காவும் இருந்தார். மகளுக்கு ஒன்றரை மாதம் ஆனபோது முதல் ஊசிக்குச் சுகாதார நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு போனேன். வெளியே சாரல். குல்லா, ஸ்வெட்டர், காலுறை, மேலே ஒரு சால்வை என்று சுற்றியிருந்தேன். சிஸ்டர் என் கையிலிருந்து குழந்தையைப் பிடுங்கி, நாற்பது பேர் முன்னால் ஒவ்வொன்றாக உருவி என் தோளில் போட்டார். "ஏம்மா, இது குழந்தையா, பார்சலா? நான் ஊசி போடுறதுக்கு முன்னாடியே நீ ஜுரம் வர வெச்சிருவே போலிருக்கே." எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. இந்த ராட்சசியிடம் இன்னும் இரண்டு ஊசிக்கு வர வேண்டுமா என்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் பொருமினேன்.

அன்று சாயங்காலமே அவர் வீட்டுக்கு வந்து நின்றார். வியாழக்கிழமை ஊசி நாள். ஊசி முடிந்ததும் அன்றைக்கு ஊசி போட்ட குழந்தைகளின் வீடுகளுக்கெல்லாம் ஒரு நடை போய்வருவது அவர் வழக்கம். யாரும் அவரை அப்படிப் போகச் சொல்லவில்லை என்று பிற்பாடு தெரிந்தது. அவர் வந்த நேரம் மகளுக்கு உடம்பு சுட்டது. என் நாத்தனார் ஜன்னலை அடைத்து, கம்பளியால் மூடி, பக்கத்தில் காவலுக்கு உட்கார்ந்திருந்தார். சிஸ்டர் நேராகக் குழந்தையிடம் போனார். கம்பளியை எடுத்து வாசல் கொடியில் போட்டார், ஜன்னலைத் திறந்தார், அப்புறம்தான் வாயைத் திறந்தார்.

"மெல்லிசா ஒரு சட்டை போதும். நெத்தியத் தொட்டுப் பாக்காதே, வயித்தத் தொட்டுப் பாரு. பால் கேக்கறப்பல்லாம் குடு, கேக்கலேன்னாலும் குடு. ஐஸ் தண்ணி பேடா, வேணாம், வெதுவெதுன்னு தண்ணியில துணிய நனைச்சுத் துடை. ஊசி போட்ட இடத்தத் தேய்க்காதே, ஈரத்துணி வெச்சா போதும். சிரப்பு நான் எழுதிக் குடுத்த அளவுதான், அதுக்கு மேல ஒரு சொட்டு கூடாது. பெரியவங்க மாத்திரைய உடைச்சுக் குடுத்தேன்னு கேள்விப்பட்டேன், நான் வந்து உன்ன உடைச்சிடுவேன்."

"பால் குடிக்காம சோந்து கெடந்தா, மூச்சு வேகமா வாங்கினா, கை கால் வெட்டி இழுத்தா, ரெண்டு நாள் கணக்கெல்லாம் பாக்காதே. அந்த நிமிஷமே தூக்கு" என்று என் நாத்தனாரிடம் தனியாகவும் சொன்னார்.

பிறகு சுவரைப் பார்த்தார். எங்கள் வீட்டில் ஊரிலிருந்து வாங்கிவந்த தமிழ் தினசரிக் காலண்டர் மாட்டியிருந்தது. நல்ல நேரம், ராகு காலம், அன்றைய பலன் எல்லாம் போட்டிருக்கும், நாளுக்கு ஒரு தாள் கிழிக்கிற காலண்டர். வியாழனையும் வெள்ளியையும் தூக்கி, சனிக்கிழமைத் தாளின் மூலையை முக்கோணமாக மடித்து நகத்தால் அழுத்தினார். "இந்த மடிச்ச தாள் மேல வர்ற அன்னிக்கும் ஜுரம் இருந்தா, காலைக் காப்பி கூட வேண்டாம். தூக்கிட்டு வா. ஞாபகம் வெச்சுக்க வேண்டாம், காலண்டர் வெச்சுக்கும்."

இதுதான் அவர் கண்டுபிடிப்பு. அதில் அவருக்கு இருந்த பெருமையைச் சொல்லி மாளாது. ராத்திரியெல்லாம் குழந்தையோடு முழித்தவளுக்கு நாள் கணக்கு நிற்காது, காலண்டருக்கு நிற்கும் என்பது அவர் கட்சி. மாதக் காலண்டர் இருக்கும் வீட்டில் சிவப்புப் பேனாவால் வட்டம் போடுவார். காலண்டரே இல்லாத வீட்டில் கதவுக்குப் பின்னால் சாக்பீஸால் இரண்டு கோடு. விடிந்ததும் ஒரு கோட்டை அழிக்க வேண்டும், கோடு தீர்ந்த நாளில் ஜுரம் இருந்தால் ஓடி வர வேண்டும். எங்கள் சந்தில் சின்னக் குழந்தை இருக்கும் வீட்டைக் கண்டுபிடிக்கக் கதவுக்குப் பின்னால் பார்த்தால் போதும்.

எந்த வீட்டிலும் காபி குடிக்க மாட்டார். "ஜுரம் எறங்கட்டும், அப்புறம் குடிக்கறேன்" என்பார். ஜுரம் இறங்கிய வீட்டுக்கு அடுத்த வாரம் போகிற போக்கில் வந்து, நின்றுகொண்டே குடித்துவிட்டுப் போவார். எங்கள் வீட்டில் முதல் ஊசிக்கும் இரண்டாவது ஊசிக்கும் அப்படி வந்து குடித்தார். சர்க்கரை அதிகம் என்று இரண்டு தடவையும் திட்டினார்.

எல்லாவற்றுக்கும் திட்டுவார். ஒன்றுக்கு மட்டும் திட்ட மாட்டார். ஒரு வியாழக்கிழமை நான் வரிசையில் நிற்கும்போது ஒருத்தி வந்தாள். அவள் குழந்தைக்கு ஊசி போட்ட இடம் வீங்கி, அதன்மேல் சுண்ணாம்பைத் தடவி, சீழ் வைத்திருந்தது. பத்து நாளாகிறது என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். இப்போது என்ன பூகம்பம் வரப்போகிறதோ என்று நாங்கள் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். சிஸ்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு, "வந்துட்டே இல்ல, உக்காரு" என்றார். அவ்வளவுதான். அவளை அவரே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். ஒரு குல்லாவுக்கு என்னை அந்தப் பாடு படுத்தியவர் சுண்ணாம்புக்கு ஒன்றும் சொல்லவில்லையே என்று எனக்கு ஆத்திரமாகக்கூட இருந்தது.

மூன்றாவது ஊசி மகளுக்கு மூன்றரை மாதத்தில். அதே வியாழன், அதே சாயங்கால நடை, அதே சனிக்கிழமை மடிப்பு. வெள்ளிக்கிழமை விடிகாலை ஊரிலிருந்து தகவல் வந்தது, கணவரின் சித்தப்பா இறந்துவிட்டார் என்று. கணவர் முதல் பஸ்ஸில் கிளம்பிப் போனார். எங்கள் வீட்டில் காலண்டர் கிழிப்பது அவர் வேலை. குளித்துவிட்டு வந்து, அன்றைய பலனை உரக்கப் படித்து, தனக்கு நல்லதாக இருந்தால் சிரித்துவிட்டு, இல்லாவிட்டால் முணுமுணுத்துவிட்டு, பழைய தாளைக் கிழிப்பார். வேறு யாரும் அதைத் தொட்டதில்லை. மடித்த மூலை எதற்கென்று அவர் கேட்டதும் இல்லை. அவர் போன பிறகு காலண்டரில் வியாழக்கிழமை அப்படியே தொங்கியது.

மகளுக்கு வியாழன் இரவு ஜுரம் வந்தது, வெள்ளிக்கிழமையும் இருந்தது. சிஸ்டர் சொன்னபடியே எல்லாம் செய்தேன். சனிக்கிழமை லேசாக இருமினாள். ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் அவள் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "கொதிக்குதே, சிஸ்டர்கிட்டக் காட்டிட்டு வந்திரலாமா?" என்று கேட்டார். நான் சுவரைக் காட்டி, "மடிச்ச தாள் இன்னும் வரலியே, அண்ணி" என்றேன்.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை என்று எனக்குத் தெரியாமல் இல்லை. கம்பெனி பஸ்ஸைப் பிடிக்கச் சந்தில் யாரும் ஓடவில்லை, எதிர்வீட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகவில்லை. தெரிந்தது. ஆனால் தாள் வரவில்லை என்பது எனக்குச் சௌகரியமாக இருந்தது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு தனியாக ஆஸ்பத்திரிக்குப் போவது எப்படி, அங்கே யாரிடம் என்ன கன்னடத்தில் பேசுவது என்ற பயத்துக்கு அந்த வியாழக்கிழமை ஒரு மறைப்பாக இருந்தது. எழுதப் படிக்கத் தெரிந்த, பத்தாம் வகுப்பு பாஸ் செய்த ஒருத்தி, ஒரு காகிதத்தைக் கிழிக்காமல் விட்டால் நாள் நகராது என்று நடந்துகொண்டேன்.

திங்கள் காலை கணவர் வந்தார். பையை வைப்பதற்கு முன்பே, "ஏன் இவ இப்படி மூச்சு வாங்கறா?" என்றார். பார்த்தேன். விலாவுக்கு அடியில் குழி விழுந்து விழுந்து எழும்பியது. பால் வைத்தால் வாய் பிடிக்கவில்லை. அவர் ஆட்டோ கூப்பிட ஓடினார், நாத்தனார் துணியை எடுத்து வைத்தார். நான் மகளை இடது கையில் வாங்கிக்கொண்டு எழுந்தேன். காலண்டர் கண்ணில் பட்டது. என் வலது கை நீண்டு வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு நான்கையும் சேர்த்துப் பிடித்து ஒரே இழுப்பில் கிழித்து, கசக்கி, அரிசி டப்பாவுக்குப் பின்னால் திணித்தது. குழந்தை மூச்சுக்குத் திணறிக்கொண்டிருக்கும்போது அவளைப் பெற்றவள் செய்த முதல் காரியம் அதுதான்.

ஆஸ்பத்திரியில் நிமோனியா என்றார்கள். ஊசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, சளி நெஞ்சில் இறங்கியிருக்கிறது, ஊசி ஜுரம் என்று நினைத்து விட்டுவிட்டீர்கள், இன்னும் ஒரு நாள் போயிருந்தால் கஷ்டம் என்று டாக்டர் தெளிவாகவே சொன்னார். கணவர் காதில் ஊசி என்ற சொல் மட்டும்தான் விழுந்தது. "ரெண்டு நாள் ஜுரம் வரும், பயப்படாதேன்னு அந்த சிஸ்டர்தானே சொன்னா?" என்றார் நாத்தனார். சிஸ்டர் சொன்னதில் பாதி. மீதிப் பாதியை நான் சொல்லியிருக்கலாம், பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

பதினோரு நாளில் மகள் நன்றாக ஆகி வீட்டுக்கு வந்தாள். அதற்குள் கணவர் சிஸ்டர்மேல் புகார் எழுதிக் கொடுத்திருந்தார். காய்ச்சலை வீட்டிலேயே வைத்துக்கொள்ளச் சொன்னார், எப்போது வர வேண்டும் என்று சொல்லவில்லை, குழந்தை சாகக் கிடந்தது என்று அதில் இருந்தது. ஒரு காலை விசாரணைக்கு ஒரு சுகாதாரத் துறை அதிகாரி எங்கள் வீட்டுக்கே வந்தார். பின்னால் சிஸ்டர். வாசலில் சந்துப் பெண்கள் பத்துப் பதினைந்து பேர், பாதிப் பேர் இடுப்பில் குழந்தை.

அதிகாரி கன்னடத்தில் என்னைக் கேட்டார். ரெண்டு நாளுக்கு மேல் காய்ச்சல் இருந்தால் கூட்டி வர வேண்டும் என்று இவர் உங்களிடம் சொன்னாரா, இல்லையா.

கணவர் என்னைப் பார்த்தார். நாத்தனார் பார்த்தார். எங்கள் வீட்டில் குழந்தை ஜுரத்தில் கிடந்த நான்கு நாளும் அதைப் பார்த்துக்கொண்டவள் நான்தான் என்பது எல்லோருக்கும் தெரியும்.

"இல்ல" என்றேன்.

என் காதில் விழுந்த அந்தக் குரல் என்னுடையதுதானா என்று எனக்கே திடுக்கென்றது. சிஸ்டர் என்னைப் பார்க்கவில்லை. சுவரருகில் போனார். காலண்டரின் மேல்விளிம்பில், கிழித்த தாள்களின் மிச்சம் ஒட்டிக்கொண்டிருக்குமே, அதை நகத்தால் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். என் கணவர் கிழித்ததெல்லாம் ஒன்று ஏறி ஒன்று இறங்கி இருந்தது. ஓரிடத்தில் நான்கு மட்டும் ஒரே மாதிரி, ஒரே பிசிறோடு இருந்தது. அவர் விரல் அங்கே நின்றது. நான் செத்தேன் என்று நினைத்தேன்.

"நீங்க என்ன சொல்றீங்க?" என்று அதிகாரி அவரைக் கேட்டார்.

"அவங்களுக்குப் புரியற மாதிரி நான் சொல்லல சார். மூணாம் நாள் நானே வந்து பாத்திருக்கணும், வரல" என்றார்.

வாசலில் நின்ற பெண்களில் பலர் வீட்டுக் காலண்டரில் அவர் தாள் மடித்திருக்கிறார். சிலர் வீட்டில் அன்றைக்கும் மடித்த தாள் தொங்கியிருக்கும். ஒருத்தி ஏதோ பேச வாயெடுத்தாள். சிஸ்டர் திரும்பி ஒரு பார்வை பார்த்தார், அவள் அடங்கிவிட்டாள். அதிகாரி எழுதிக்கொண்டு போனார். ஒரு மாதத்தில் சிஸ்டருக்கு மாற்றல் உத்தரவு வந்தது. தூரத்தில் ஏதோ ஒரு கிராமத்துத் துணை நிலையம், பஸ் இரண்டு மாற வேண்டும் என்று பேசிக்கொண்டார்கள்.

போவதற்கு முன் வந்தார். விசாரணைக்காக வாங்கிப்போன மகளின் தடுப்பூசி அட்டையைத் திருப்பிக் கொடுக்க வந்திருந்தார். கணவர் வேலைக்குப் போயிருந்தார். சிஸ்டர் மகளின் வயிற்றில் புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, "காப்பி இருக்கா?" என்று கேட்டார்.

போட்டுக் கொடுத்தேன். அவர் நின்றுகொண்டே குடித்தார். சர்க்கரையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"ஒம்பதாம் மாசம் தட்டம்மை ஊசி. அந்த ஜுரம் இது மாதிரி அன்னிக்கே வராது. ஒரு வாரம், பத்து நாள் கழிச்சு வரும், கூடவே லேசாத் தடிப்பும் வரலாம். அப்போ நீ ஊசியவே மறந்திருப்பே. ரெண்டு மூணு நாள்ல போயிடணும். போகலேன்னா?"

"தூக்கிட்டு வரணும்."

"முழுசாச் சொல்லு. நான் என்ன சொன்னேன்?"

பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி முழுதாகத் திருப்பிச் சொன்னேன். தப்பு விட்ட இடத்தில் மறுபடி சொல்ல வைத்தார். காலண்டரை அவர் தொடவில்லை. இனிமேல் எந்த வீட்டிலும் தொட மாட்டார் என்று எனக்குப் புரிந்தது. அவருடைய அந்தப் பெருமையையும் நான்தான் தீர்த்துக் கட்டியிருந்தேன்.

"சிஸ்டர், அன்னிக்கு நான்..." என்று ஆரம்பித்தேன்.

"நாலு தாளையும் ஒண்ணாக் கிழிச்சே. பாத்தேன்."

"அப்போ ஏன் சிஸ்டர் சொல்லல?"

"வாசல்ல எத்தனை பேர் நின்னாங்க பாத்தியா? எல்லாம் கைக்குழந்தைக்காரங்க. லேட்டா வந்தவள அவங்க முன்னாடி மாட்டி விட்டேன்னு வெச்சுக்கோ, நாளைக்கு இன்னொருத்தி நாள் தவற விட்டா என்ன பண்ணுவா? என்கிட்ட வர மாட்டா. ஒளிச்சு வெப்பா. தாளையில்ல, குழந்தைய." டம்ளரைக் கழுவி வைத்தார். "நான் சொல்லாம இருந்தது உனக்காக இல்ல. உன்மேல எனக்குக் கோபம் ஆயித்து, இன்னும் போகல." பெட்டி இல்லாமலும் அந்தத் தோள் இறங்கியபடியே இருக்க, படியிறங்கிப் போனார்.

ஒன்பதாம் மாதம் ஊசி போட்டேன். புதிதாக வந்திருந்த சிஸ்டர் நல்லவர்தான், ஒண்ணும் ஆகாது என்று சொல்லி அனுப்பினார். எட்டாம் நாள் ஜுரம் வந்தது, மார்பில் நாலு தடிப்பு. சந்தில் அதே வாரம் ஊசி போட்ட இன்னொருத்தி, இது என்னவோ புது வியாதி என்று அலறிக்கொண்டு வந்தாள். அவளுக்கு நான்தான் முழுதாகச் சொன்னேன், திருப்பிச் சொல்லவும் வைத்தேன். இரண்டாம் நாள் என் மகளுக்கு ஜுரம் இறங்கியது. அன்று அவளை நாத்தனாரிடம் விட்டுவிட்டு, கணவரிடம்கூடச் சொல்லாமல், அதிகாரியின் ஆபீசைத் தேடிப் போனேன்.

அதே அதிகாரிதான் இருந்தார். என் உடைந்த கன்னடத்தில் எல்லாம் சொன்னேன். சிஸ்டர் சொன்னார், தாளை மடித்தும் வைத்தார், நான்தான் கிழிக்கவில்லை, கேட்டபோது பொய் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"ஏம்மா, இத்தன மாசம் எங்க போயிருந்தீங்க? அன்னிக்கே சொல்லியிருக்கக் கூடாதா? ஒருத்தரோட சர்வீஸ்ல கறுப்புப் புள்ளி வெச்சுட்டு, எல்லாம் முடிஞ்சப்புறம் வந்து நின்னா நான் என்ன பண்றது? படிச்சவங்கதானே நீங்க?"

பக்கத்து மேஜைக்காரர்கள் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். எழுதிக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். அந்தக் காகிதம் என்ன ஆயிற்று என்று இன்றுவரை தெரியாது.

அவர் கேட்டதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. ஆனாலும் அந்த ஆபீஸ் படிகளில் இறங்கும்போது, இனி செத்தாலும் இந்தப் பக்கம் வரக் கூடாது என்றுதான் எனக்குத் தோன்றியது. சுண்ணாம்பு தடவியவளுக்குச் சிஸ்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டது அப்போதுதான் ஞாபகம் வந்தது.